பதில்: நைட்ரஜன் சேர்த்ததும் கிராஃபீன் நானோரிப்பனின் பட்டை இடைவெளி காணாமல் போகிறது

கிராஃபீன் நானோரிப்பன் என்பது ஓர் அணுத் தடிமனுள்ள கார்பன் தாளின் மிகக் குறுகிய நாடா. கணினிக் கணக்கீட்டில், 7 கார்பன் வரிசை அகலமுள்ள ஆர்ம்சேர் (ஒருவகை விளிம்பு வடிவம்) ரிப்பனில் விளிம்புக் கார்பன் ஒன்றை நைட்ரஜனாக மாற்றினீர்கள், 1.6 எலக்ட்ரான்வோல்ட் பட்டை இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) போய் உலோகமாகிவிட்டது என்கிறீர்கள். நீங்கள் போட்டிருக்கும் உள்ளீட்டுக் கோப்பில் அந்த நைட்ரஜன் மேல் ஹைட்ரஜன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கோளாறு அதுதான்.

எலக்ட்ரானை எண்ணிப் பாருங்கள். அலகுக் கூட்டில் (ரிப்பன் நெடுகத் திரும்பத் திரும்ப வரும் துண்டில்) 14 கார்பன், 4 ஹைட்ரஜன்: 60 இணைதிறன் எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனோடு நைட்ரஜனை வைத்தால் 61. ஒற்றைப்படை, இருவகை ஸ்பின் எலக்ட்ரான்களைத் தனித்தனியே கணக்கிடும் வசதியும் அணைத்திருக்கிறது. ஒரு பட்டை பாதிதான் நிரம்பும், உலோகம் வராமல் வேறென்ன வரும்? ஹைட்ரஜனை எடுத்துவிட்டால் மீண்டும் 60. பிரிடினில் இருப்பதுபோல் நைட்ரஜனின் தனி இணை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) ரிப்பனின் தளத்துக்குள்ளேயே இருந்துவிடும், தளத்துக்கு மேலும் கீழும் பரவும் பை அமைப்புக்கு ஒரு எலக்ட்ரான்தான் போகும். இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கும், பட்டைகள் மட்டும் கீழே இறங்கும்.

அந்த இறக்கத்தை ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பும் எல்லை ஆற்றலை) வைத்து அளக்காதீர்கள், வெற்றிட மட்டத்தை (ரிப்பனுக்கு வெளியே வெறுமையில் உள்ள ஆற்றலை) வைத்து அளங்கள். நைட்ரஜன் ஒரே விளிம்பில் இருந்தால் இருபக்க வெற்றிட மட்டமும் வேறுபடும். அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டும் இருமுனைத் திருத்தம் போடுங்கள், இல்லையேல் எதிர் விளிம்பிலும் சமச்சீராக ஒன்று வையுங்கள். ரிப்பனைச் சுற்றி விடும் வெற்றிடம் 15 ஆங்ஸ்ட்ராம் போதும்.

இன்னொன்று: ஒற்றைக் கூட்டில் மாற்றினால் 4.26 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு நைட்ரஜன், மிக அடர்த்தி. நீளவாக்கில் 4 கூடுகள் எடுங்கள், கே-புள்ளிகளை (பட்டைகளைக் கணக்கிடும் மாதிரிப் புள்ளிகளை) 24இலிருந்து 6ஆகக் குறைக்கலாம்.

1.6 என்ற எண்ணை ஆய்வக அளவீட்டோடு ஒப்பிட வேண்டாம். அதைக் கொடுத்த பிபிஇ என்ற தோராயக் கணக்கீட்டு முறை இடைவெளியைக் குறைத்தே காட்டும். தங்கப் பரப்பில் அளந்தது சுமார் 2.4 எலக்ட்ரான்வோல்ட்.