டாக்டர் பதில்: ரெண்டு கோடு வந்தா பாசிட்டிவா?

கேள்வி: மேடம், நான் கிருஷ்ணகிரி பக்கம், இப்ப ஹவுஸ் சர்ஜனா இருக்கேன். நைட் டியூட்டில ஒரு லாரி டிரைவர அரை மயக்கத்துல தூக்கிட்டு வந்தாங்க, யூரின் டிரக் கிட் போட்டேன், எல்லா பட்டையிலயும் ரெண்டு ரெண்டு கோடு, எல்லாமே பாசிட்டிவ்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டேன். காலைல ரவுண்ட்ஸ்ல எல்லார் முன்னாடியும் செம திட்டு. இத எப்படி பாக்கணும்னு யாருமே சொல்லித்தரல மேடம். (பேர் வேணாம்)

பதில்: தம்பி, நீ கர்ப்ப டெஸ்ட் கார்டு பாத்த பழக்கத்துல பாத்துட்ட. இது அப்படியே தலைகீழ். யூரின்ல மருந்து இருந்தா, கிட்ல கலர் ஒட்டுன ஆன்டிபாடிய (மருந்தப் புடிக்கிற புரதம்) அதுவே புடிச்சிக்கும், டி கோட்டுக்கு (டெஸ்ட் கோடு) மிச்சம் இருக்காது, கோடு வராது. அப்ப ரெண்டு கோடுன்னா நெகட்டிவ், லேசா நிழலாட்டம் தெரிஞ்சாலும் நெகட்டிவ்தான். சி கோடே (கிட் வேலை செய்யுதான்னு காட்டுற கன்ட்ரோல் கோடு) வரலன்னா கிட்ட தூக்கிப் போட்டுட்டு வேற எடு.

சரி நெகட்டிவ், உடனே ஆளு ஒண்ணும் போடலன்னு முடிவு கட்டிடாத. ஓபியேட் (அபின் வகை) பட்டை தேடுறது மார்ஃபின், கோடீன் வகையறாவத்தான், டிரமடால், டேபென்டடால் மாதிரி வலி மாத்திரை போட்டிருந்தா அதுல மாட்டாது. வலிப்புக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற குளோனசெபாம் கூட அதுக்கான பட்டைல பல கிட்ல நழுவிரும். இதுனாலயே டாக்டர் எழுதிக்குடுத்த மாத்திரைய ஒழுங்கா போடுறவங்கள "நீ போடல, வித்துட்ட"ன்னு திட்டுற கூத்தும் நடக்குது.

பாசிட்டிவ் வந்தாலும் அப்படித்தான். கசகசா அரைச்சு ஊத்துன குருமாவ ஒரு வெட்டு வெட்டிட்டு வந்தவருக்கும், கோடீன் இருமல் சிரப் குடிச்சவருக்கும் ஓபியேட் பாசிட்டிவ் வரலாம், அதுவும் மில்லிக்கு 300 நானோகிராம் இருந்தாலே பாசிட்டிவ் காட்டுற கட்-ஆஃப் கிட்னா சொல்லவே வேணாம். (அமெரிக்காவுல வேலைக்கு சேர்றவங்க டெஸ்ட்டுக்கு இத 2000 ஆக்குனதே கசகசா தொல்லையாலதான்.) தினமும் கஞ்சா அடிக்கிறவருக்கு விட்டு ஒரு மாசம் ஆனாலும் பாசிட்டிவ் காட்டலாம், அன்னிக்கி ராத்திரி போதைல ஓட்டுனாரான்னு கிட் சொல்லாது. வேலையோ லைசென்ஸோ போற விஷயம்னா ஜிசி-எம்எஸ்ல (எந்த மருந்துன்னு துல்லியமா சொல்ற லேப் டெஸ்ட்) உறுதி பண்ணாம வாயத் திறக்காத.

என்கிட்ட வர்ற பசங்கள கிட் கவர பிரிக்கிறதுக்கு முன்னாடியே பேஷன்ட் என்னென்ன மாத்திரை போடுறாரு, என்ன சாப்பிட்டாரு, எப்பன்னு கேட்டு எழுத வைப்பேன், எந்தப் பட்டை என்ன காட்டும்னு நீயே முதல்ல சொல்லுன்னு கேப்பேன், மொனகிக்கிட்டேதான் எழுதுவாங்க.

ஆமா, அந்த டிரைவருக்கு சுகர் பாத்தியாப்பா? சுகர் இறங்குனாலும் இப்படி அரை மயக்கம் வரும்ல. லெட்டர்ல அத காணோமே.