கர்த்தருக்கு ஊழியம் செய்ய ஆசை இருக்கிறது, ஆனால் நான் இன்னும் தயாராகவில்லை என்று தோன்றுகிறது. எப்போது தயாராவேன்?

ஜெபம் பத்தவில்லை, வேதம் முழுசாகத் தெரியாது, நாலு பேர் முன்னால் பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைக்கிறேன். எனக்குத் திக்குவாய். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இறையியல் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். படிக்காதவனுக்கு வசனம் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அதை நேரிலேயே கேட்டாயிற்று.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். இது தெரிந்தாலே பிரசங்கம் செய்ய வருகிறவர்கள், கர்த்தர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுகிறவர்போல் தம் ஜனத்தைச் சுத்திகரிப்பார் என்கிற மல்கியா 3:3-ஐ எடுத்துவிடுவார்கள். தன் முகம் வெள்ளியில் தெரிகிறவரை தட்டான் அதை நெருப்பில் வைத்திருப்பான், அதுவரை நீ காத்திரு என்பார்கள். அந்த வசனத்தில் முகம் தெரிகிற பேச்சே கிடையாது, எடுத்துப் பாருங்கள். கர்த்தர் நம்மை நெருப்பில் சுத்தமாக்குகிற அந்தப் புடமிடுதலை நான் முழு மனசோடு நம்புகிறேன். ஆனால் கொலுசுக்குச் சுத்த வெள்ளி ஆகாது. அது மெத்தென்று வளைந்துவிடும். செம்பு சேர்த்து உருக்கினால்தான் காலில் கிடந்து உழைக்கும். உவமையை இதற்கு மேல் இழுக்கவில்லை. பூரணமான பிறகுதான் கர்த்தர் கையில் எடுப்பார் என்று சொல்லி ஆட்களை உட்கார வைக்கிறார்களே, அதை மட்டும்தான் மறுக்கிறேன்.

எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க ஒருமுறை பெயர் கொடுத்தேன். பெரியவர் ஒருவர் தோளில் கை போட்டு, "உனக்கு எதுக்குப்பா சிரமம், மைக் செட்டைப் பார்த்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன், இன்றும் பார்க்கிறேன். அதுவும் ஊழியம்தான், அப்போஸ்தலர் 6-ல் ஸ்தேவானைத் தேர்ந்தெடுத்ததே பந்தி விசாரணைக்கு, அதாவது சாப்பாட்டுக் காரியத்தைக் கவனிக்கத்தான். ஆனாலும் வாசிக்கிற ஆசை போகவில்லை.

ஏற்காட்டில் படுக்கையில் இருக்கிறவர்களுக்குத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கொடுக்க எங்கள் சபைப் போதகர், ஆயர் ஐயா போவார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவரைக் கூட்டிப்போவது என் வண்டிதான். ஒருநாள் புறப்படுகிற நேரத்தில் அடக்க ஆராதனை ஒன்று வந்துவிட்டது. "திருவிருந்து நான் அடுத்த வாரம் கொண்டுபோறேன். நீ போய் அந்தப் பாட்டிக்கு ஒரு சங்கீதம் மட்டும் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டு வந்துடு" என்றார். மறுக்க வாய் எடுத்தேன். வார்த்தை வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

காப்பித் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடு. அந்தப் பாட்டி வாழ்நாள் முழுக்க அங்கே பழம் பறித்தவர். கட்டிலுக்கு அடியில் கரியடுப்பு, ஜன்னலில் சாக்குப் படுதா. 121-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். "எனக்கு ஒத்தாசை வரும்" வரைக்கும் வந்தது. "பர்வதங்களுக்கு" என்ற இடத்தில் ப-விலேயே நின்றுவிட்டது. உதடு ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. காது சூடாகிவிட்டது. பாட்டி கண்ணைத் திறக்காமலே, "மெதுவா வாசி சாமி. எனக்கு எங்கயும் போகவேண்டியதில்ல" என்றார். அந்தச் சொல்லை அவரே எடுத்துக் கொடுக்கவும் இல்லை, காத்திருந்தார். எட்டு வசனத்தையும் திக்கித் திக்கி வாசித்து முடித்தேன். "இன்னொருக்கா" என்றார்.

என் திக்கு அன்றைக்குக் குணமாகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. குணமானதாக எழுதினால் சாட்சி இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய்.

வீட்டுக்கு வந்து யாத்திராகமம் 4-ஐ எடுத்தேன். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டு வரக் கர்த்தர் அனுப்பும்போது, "நான் திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன்" என்று மோசே 10-ஆம் வசனத்தில் சொல்கிறார். கர்த்தர் அதற்குக் கோபப்படவில்லை. மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்டு, உன் வாயோடே இருப்பேன் என்கிறார். 13-ஆம் வசனத்தில், வேறு யாரையாவது அனுப்பும் என்கிற அர்த்தத்தில் மோசே பேசுகிறார். அப்போதுதான் கோபம். அப்போதும் நாவைச் சரிசெய்து அனுப்பவில்லை, அண்ணன் ஆரோனைத் துணையாகக் கூட அனுப்பினார். நீங்கள் 10-ஆம் வசனத்தில் நிற்கிறீர்கள். அங்கே நிற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 13-க்கு மட்டும் போய்விடாதீர்கள்.

இதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு, அதிலும் மே மாதக் கோடை விழா சமயத்தில், மலைக்காரர்களுக்குத் தங்கள் ஊர் பஸ்ஸிலேயே இடம் கிடைப்பதில்லை. மருந்து வாங்கக் கீழே வந்த வயசானவர்கள் திரும்பிப் போக முடியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அவர்கள் ஏறிய பிறகு ஏறுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊழியம் என்றதும் மேடையை நினைக்காதீர்கள். வேதாகமக் கல்லூரி, பயிற்சி எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. அழைப்பு அப்படி இருந்தால் கட்டாயம் படியுங்கள். அதற்கு முன்னால், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கோயிலுக்கு வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்களில் யாரைப் பார்க்க ரொம்ப நாளாக யாரும் போகவில்லை? எந்தச் சபையிலும் அப்படி ஒருவர் இருப்பார். சேலத்துக்காரராக இருந்தால் எனக்கு எழுதுங்கள், முதல் தடவை நானும் கூட வருகிறேன்.