உள்அலுவலக மென்பொருளும் உலாவியின் பாதுகாப்புச் சோதனைகளும்: கேள்வி பதில்

கேள்வி (கும்பகோணம், அரிசி ஆலை): எங்கள் இருப்புக் கணக்கு மென்பொருள் ஆலைக்குள் உள்ள சர்வரிலேயே இயங்குகிறது. சர்வரின் அடையாளத்தை உலாவிக்கு உறுதிசெய்யும் சான்றிதழை நாங்களே உருவாக்கியதால், குரோம் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டித்தான் உள்ளே நுழைகிறோம். பக்கங்கள் எப்போதும் முதன்முறை திறப்பதைப் போலவே தாமதமாகின்றன. ஏன்?

பதில்: சான்றிதழ்ப் பிழையுள்ள தளத்தின் கோப்புகளைக் குரோம் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்வதில்லை, ஆகவே நேற்று இறக்கிய அதே கோப்புகளை இன்றும் சர்வரிடமிருந்து புதிதாக வாங்குகிறது. நிறுவனத்துக்கென ஒரு மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு நம்பகம் தரும் தலைமைச் சான்றிதழ்) உருவாக்கி எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிட்டு, அதைக்கொண்டு சர்வரின் சான்றிதழில் கையொப்பமிடுங்கள். சர்வரின் பெயர் சான்றிதழின் ‘மாற்றுப் பெயர்’ (Subject Alternative Name) புலத்தில் இருக்க வேண்டும். 2017-இல் வந்த குரோம் 58 முதல் பழைய ‘பொதுப் பெயர்’ (Common Name) புலம் பார்க்கப்படுவதில்லை. மூலச் சான்றிதழின் ரகசியச் சாவியைப் பில் போடும் கணினியில் வைத்துவிடாதீர்கள். அது வெளியே போனால் எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் தயாரித்து உங்கள் ஊழியர்களை ஏமாற்றலாம்.

கேள்வி (தஞ்சாவூர், உர விற்பனை நிறுவனம்): பட்டுக்கோட்டை, நீடாமங்கலம் கிளைகளில் ஒரு சொடுக்குக்கு இரண்டு கோரிக்கைகள் போகின்றன. முதலாவது ‘ஆப்ஷன்ஸ்’ என்று தெரிகிறது. அதை நிறுத்த முடியுமா?

பதில்: பக்கம் ஒரு முகவரியிலிருந்தும் தரவு வேறொரு முகவரியிலிருந்தும் வருவதால்தான் உலாவி அந்த ‘ஆப்ஷன்ஸ்’ கோரிக்கையால் தரவுச் சர்வரிடம் முன்னனுமதி கேட்கிறது, போர்ட் எண் (சர்வரில் ஒரு சேவைக்கான வாயில் எண்) மாறினாலே அதற்கு வேறு முகவரிதான். ஜேசான் (JSON) என்ற வடிவில் தரவு அனுப்பினாலோ, பயனர் யாரெனக் காட்டும் அங்கீகாரத் தலைப்பைக் கோரிக்கையில் சேர்த்தாலோ இந்தக் கேள்வி எழும். தஞ்சையில் சர்வரின் அருகிலேயே இருப்பவருக்கு இது உறைக்காது. கிளையிலிருந்து 4ஜி வழியாக வருபவருக்கோ ஒவ்வொரு சொடுக்கிலும் ஒரு முழுப் போய்வரும் நேரம் கூடுகிறது. அனுமதியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் எனச் சொல்லும் ‘மேக்ஸ் ஏஜ்’ தலைப்பைச் சர்வர் அனுப்பாவிட்டால் அனுமதி 5 விநாடிகளே நினைவில் நிற்கும். அனுப்பினால் குரோம் அதிகபட்சம் 2 மணி நேரமும் ஃபயர்ஃபாக்ஸ் 24 மணி நேரமும் வைத்திருக்கும். ஆனால் அந்த நினைவு முழு முகவரிக்கு உரியது என்பதால், முகவரியில் பில் எண் இருந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் மீண்டும் கேட்கும். எனவே ரிவர்ஸ் ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி உரிய சர்வருக்கு அனுப்பும் இடைநிலை மென்பொருள்) ஒன்றை முன்னால் நிறுத்தி, பக்கத்தையும் தரவையும் ஒரே பெயரில், ஒரே போர்ட்டில் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி (மன்னார்குடி): பாதுகாப்பையே அணைத்துக் குரோமைத் திறக்கும் வழி உண்டாமே?

பதில்: உண்டு, செய்யாதீர்கள். அதே உலாவியில்தான் வங்கிக் கணக்கையும் திறப்பீர்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): இணையம் துண்டிக்கப்பட்டால் உள்மென்பொருளும் காலையில் முதல்முறை திறக்க வெகுநேரம் எடுக்கிறது. அதற்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: சான்றிதழ் ரத்தாகியுள்ளதா என்ற சோதனை வெளியே போகிறதா என முதலில் பாருங்கள். குரோம் இயல்பாக அப்படிக் கேட்பதில்லை. நிறுவனக் கொள்கையில் அதை இயக்கியிருந்தால் கேட்கும். ரத்தான சான்றிதழ்களின் பட்டியலுக்கான முகவரியை உள்வலையமைப்பிலேயே அமைத்துவிட்டால் இணையம் தேவைப்படாது. இணையம் இருக்கும்போதும் இதே தாமதம் தெரிந்தால் ஃபயர்வாலைச் சோதியுங்கள்: மறுப்பை உடனே தெரிவிக்காமல் தரவுப் பொட்டலங்களைச் சத்தமின்றிக் கைவிடும்படி அமைத்திருந்தால், கேட்ட உலாவி காலக்கெடு முடியும்வரை காத்துக்கொண்டே இருக்கும்.