கிளிண்டனைத் தவிர, ஜாஸ் இசையில் உண்மையான ரசனை இருந்த அமெரிக்க அதிபர் யார்?

என் பதில், சற்றும் தயங்காமல், ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியாவின் கடலை விவசாயிக்கு ஜாஸா என்று பலரும் வியப்பார்கள். ஆனால் கடற்படையில் இளம் அதிகாரியாக இருந்தபோதே நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜுக்குப் போய் ஜாஸ் கேட்டவர் அவர்.

1978 ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஒரு ஜாஸ் விழாவே நடத்தினார். தொடக்ககால மேதைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதால் இந்த இசைக்கு உரிய மரியாதை கிடைக்காமல் போயிருக்கலாம், அதில் இனவெறியின் பங்கு உண்டு என்று அங்கேயே பேசினார். இனப்பாகுபாட்டுக்குப் பேர்போன அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வந்த அதிபர் ஒருவர் இதைச் சொன்னது சாதாரண விஷயமல்ல.

அன்று செசில் டெய்லர் பியானோ வாசித்தார். தாளக்கட்டுக்குள் அடங்காத, ஜாஸ் பிரியர்களே முகம் சுளிக்கும் பாணி அவருடையது. வாசித்து முடித்ததும் கார்ட்டர் எழுந்து ஓடிப்போய் அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். அவருடைய ரசனைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? சக்கர நாற்காலியில் வந்திருந்த ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் கண்கலங்க, கார்ட்டர் அவரையும் அணைத்துக்கொண்டார்.

டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி கூப்பிட்டதும் மேடையேறி, 'சால்ட் பீனட்ஸ்' (உப்புக் கடலை) பாட்டையும் சேர்ந்து பாடினார்.