பாரிஸ் மியூசியம் பாஸ் என்றால் என்ன? அது இருந்தால் நேராக உள்ளே போகலாமா?

பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள 50க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், நினைவுச் சின்னங்களுக்கான ஒரே நுழைவுச்சீட்டு இது. 48, 96, 144 மணி நேரம் என மூன்று வகை. முதல் வாசலில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கும். ஓர் இடத்துக்கு ஒரு முறைதான் அனுமதி.

நேராகப் போக முடியாத இடங்களும் உண்டு. லூவர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, செயிண்ட் சாப்பல் தேவாலயம் மூன்றுக்கும் பாஸ் இருந்தாலும் வருகை நேரத்தைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே இந்த ஏற்பாடு. லூவர் ஒரு நாளைக்குச் சுமார் 30,000 பேரைத்தான் அனுமதிக்கிறது. செயிண்ட் சாப்பலோ நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறிய தேவாலயம். அங்கே சோதனையும் கடுமை. ரயில் சீசன் டிக்கெட் மாதிரிதான்: பயணத்துக்கு அனுமதி உண்டு, இருக்கைக்கு உறுதி இல்லை. ஆகவே முதலில் நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள், பிறகு பாஸ் வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள்.

கிழமையும் முக்கியம். வெர்சாய் அரண்மனைக்கும் ஒர்சே அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை, லூவருக்குச் செவ்வாய். 48 மணி நேரப் பாஸைத் திங்களன்று தொடங்குவது வீண். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் நுழைவு இலவசம், எனவே பிள்ளைகளுக்குப் பாஸ் வாங்க வேண்டாம்.

ஈபிள் கோபுரமும் இதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அடங்காது, அதற்குத் தனிச் சீட்டு வேண்டும்.