‘ஆ’வுல முடிஞ்சா அது தமிழ்ப் பேரு இல்லையா?

சேலத்துலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: “மூத்த பொண்ணு பேரு தாரா. ரெண்டாவது பொண்ணு பிறந்து நாப்பது நாள் ஆகுது. அக்கா பேரு மாதிரியே இவ பேரும் ‘ஆ’வுல முடியணும்னு எனக்கு ஆசை. வீட்டுக்காரரு தமிழ்ப் பேருதான் வைக்கணும்ங்கிறாரு, ஆவுல முடிஞ்சாலே சமஸ்கிருதம்தான்னு அவரோட ஃப்ரெண்ட்ஸ் சொல்லிட்டாங்களாம். நெட்ல தேடினா ஒரே பேருக்கு நாலு அர்த்தம் போட்டிருக்கு. எதை நம்புறது?”

அவங்க சொன்னதுல பாதி சரிம்மா. சமஸ்கிருதத்துல பொம்பளைப் பிள்ளைங்க பேரு ஏகப்பட்டது நெடில் ஆவுலதான் முடியும். ஆனா அந்தப் பேருங்க தமிழுக்குள்ள வந்தப்ப நம்ம புலவருங்க அப்படியே எடுத்துக்கல, கடைசி ஆவை ஐ ஆக்கிட்டாங்க, சீதா சீதை ஆனா, ராதா ராதை ஆனா, கங்கா கங்கை ஆச்சு. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி எழுதின நன்னூல்ல இதுக்கு விதியே இருக்கு. உங்க மூத்த பொண்ணு பேரும் இதே கதைதான், தாரான்னா நட்சத்திரம், வாலியோட மனைவிக்கும் அதே பேரு, கம்பர் அவளைத் தாரைன்னுதான் பாடுறாரு.

இதை நான் கிளாஸ்ல சொல்லும்போது போர்டுல பிள்ளைங்க பேரையே எழுதி, கடைசி எழுத்தை மட்டும் அழிச்சிட்டு ஐ போட்டுக் காட்டுவேன். கல்பனா கற்பனை (இதுல நடுவுலயும் கொஞ்சம் மாறும்), அர்ச்சனா அர்ச்சனை, சாதனா சாதனை, பாவனா பாவனை, வித்யா வித்தை, பூஜா பூசை, மாயா மாயை, ஆஷா ஆசை. ஒரு தடவை ரேகான்னு ஒரு பொண்ணு, போர்டுல ரேகைன்னு எழுதினதும் சட்டுன்னு தன் உள்ளங்கையை விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா, அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஷிகான்னு பேரு வைக்க ஆசைப்படுறவங்க கவனிங்க, அது நம்ம ஊர்ல சிகை, அதாவது தலைமுடி, உச்சிக்குடுமி. சமஸ்கிருதத்துல உச்சி, தீச்சுடர்னும் பொருள் இருக்கு, அதனால தப்பான பேரு இல்ல, தெரிஞ்சு வைங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப உங்க கேள்விக்கு நேரா வரேன். ஆவுல முடியுற சுத்தமான தமிழ்ச் சொல் இருக்கு, நெறையவே இருக்கு. நிலா, கனா, விழா, இரா, புறா, சுறா. இதுங்க என்ன பண்ணும்னா, ஐ ஆகாது, ஆ குறுகி கூடவே ஒரு உ சேந்துக்கும். நிலா நிலவு, கனா கனவு, விழா விழவு, இரா இரவு. இதுக்கும் நன்னூல்ல தனியா விதி உண்டு. கலாவும் நிலாவும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு, முதல்ல ஒரு குறில், அப்புறம் ஆ, ஆனா கலா கலை ஆகுது, நிலா நிலவு ஆகுது, வாயால சொல்லிப் பாத்தாலே தெரிஞ்சிரும். ‘வு’ பக்கம் போனா தமிழ், ‘ஐ’ பக்கம் போனா வடமொழி, உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லுங்க. பாரி மகளிர் பாடின “அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்” புறநானூறுல இருக்கு, அதைவிடப் பழைய அத்தாட்சி நிலாவுக்கு என்ன வேணும்!

இந்தச் சோதனை எல்லாப் பேருக்கும் ஓடாது. இனியா, கவினா மாதிரிப் பேருங்க வேர் தமிழ்தான், இனிய, கவின், ஆனா கடைசி ஆ இந்தக் காலத்துல ஒட்டினது. எனக்கு இனியா ரொம்பப் பிடிக்கும், கூச்சப்படாம வைக்கலாம். ஆயிஷா, ஆமினா எல்லாம் அரபு, அன்னா, சூசன்னா எபிரேயத்துலேர்ந்து வந்தது, அதுக்கெல்லாம் இந்த விதி பொருந்தாது. பையனுங்க பேரு வேற வழி, முருகா, கண்ணா, குமரா எல்லாம் நாம கூப்பிடுற விளிதான், முருகனைக் கூப்பிட்டா முருகா.

நெட்ல நாலு அர்த்தம் வர்றதுக்கு ஒரு முக்கியமான காரணம் இங்கிலீஷ் எழுத்து. அதுல குறில் அவுக்கும் நெடில் ஆவுக்கும் ஒரே ‘ஏ’தான். சமஸ்கிருதத்துல குறில்ல முடியுற ‘கிருஷ்ண’ நம்ம கண்ணன், நெடில்ல முடியுற ‘கிருஷ்ணா’ பாஞ்சாலியோட பேரு. ரெண்டையும் ஒரே ஸ்பெல்லிங்ல போட்டா அர்த்தம் குழம்பத்தான் செய்யும். அதனால அந்த லிஸ்டை மட்டும் நம்பாதீங்க, சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் ஆன்லைன்ல இலவசமா இருக்கு, அதுல அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்துல போட்டுப் பாருங்க, வேற மொழிலேர்ந்து வந்த சொல்னா எந்த மொழின்னு குறிச்சிருப்பாங்க.

என்னைக் கேட்டா நிலான்னே வைங்க. அக்கா நட்சத்திரம், தங்கச்சி நிலா, ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல “தாரா, நிலா, சாப்பிட வாங்க”ன்னு கூப்பிட்டுப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு. நிலா மட்டும் சின்னதா தோணுச்சுன்னா வெண்ணிலா, யாழ்நிலா.

ஸ்பெல்லிங் மட்டும் கவனம். என், ஐ, எல், ஏ, அவ்வளவு போதும். நியூமராலஜிக்காகக் கடைசியில ரெண்டு ஏ, ஒரு ஹெச்னு சேக்காதீங்க, அப்புறம் ஆதார்ல ஒண்ணு, பாஸ்போர்ட்ல ஒண்ணுன்னு அலையணும். வடக்க சில பேரு இதை நீலான்னு படிப்பாங்க, அது நீல நிறம், பரவாயில்ல, ஒரு தடவை சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. பிறப்புச் சான்றிதழ்ல தமிழ்லயும் பேரு வரும், அங்க ‘நிலா’ன்னு குறிலாத்தான் இருக்கான்னு வாங்கும்போதே பாத்துருங்க, ஏன்னா 2023 அக்டோபர் 1லேர்ந்து பிறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்தச் சான்றிதழ்தான் பிறந்த தேதி ஆதாரம். நாப்பது நாள் ஆச்சேன்னு பதற வேண்டாம், பிறப்பைப் பதிய வேண்டியதுதான் 21 நாள்ல, பேரை 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேத்துக்கலாம். வீட்டுக்காரரோட உக்காந்து நிதானமாப் பேசி முடிவு பண்ணுங்க.