ஸ்கேனில் ரத்தத்தின் கெட்டித்தன்மை தெரியுமா?

கேள்வி: மேலூர் பக்கம் கல்குவாரியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஹீமோகுளோபின் 18.4 இருக்கிறது. ரத்தம் கெட்டியாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். மதுரையில் எடுத்த கழுத்து டாப்ளர் ஸ்கேன் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊசி குத்தாமல் ஸ்கேனிலேயே அதை அளக்க முடியாதா? (வாசகி, மேலூர்)

பதில்: அறிக்கையில் விடுபட்டது எதுவும் இல்லை, அம்மா. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொண்டு டாப்ளர் கருவி ரத்தத்தின் வேகத்தைத்தான் அளக்கிறது. இதயம் உந்தும் வலிமை, குழாயின் அகலம், அடைப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் ஏற்ப அந்த வேகம் மாறும் என்பதால், மெதுவாக ஓடுகிற ரத்தமெல்லாம் கெட்டியான ரத்தம் என்று சொல்லிவிட முடியாது.

ஆயினும் உங்கள் கேள்வி ஆய்வாளர்கள் மெய்யாகவே முயன்றுவரும் ஒன்று. தமனியின் நடுவில் ரத்தம் விரைந்தும், சுவரை ஒட்டி ஏறக்குறைய நின்றும் ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுவரருகே உள்ள அடுக்கு முதலில் வேகம் மாற, நடு அடுக்கு சற்றுப் பிந்தியே மாறுகிறது. அந்தத் தாமதம் பாகுநிலையை, அதாவது நீங்கள் கேட்கும் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் மீயொலிக் கருவியால் அடுக்கடுக்காக வேகத்தைப் பதிவு செய்தால், குழாய்க்குள் அழுத்தத்தை அளக்காமலேயே பாகுநிலையைக் கணக்கிடலாம். இடர் எங்கே என்றால், அடுத்தடுத்த அடுக்குகளின் மிக நுண்ணிய வேறுபாட்டை நம்பியே அந்தக் கணக்கு நிற்கிறது. சுவரின் பலத்த எதிரொலியோ அதன் அருகில் உள்ள ரத்தத்தின் மெல்லிய எதிரொலியை மூடிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு முக்கியமாகப் படுவது அதுவே. ரத்தத்தின் பாகுநிலை ஒரே எண் அன்று. உடல் வெப்பத்தில் தண்ணீருக்குச் சுமார் 0.7 மில்லிபாஸ்கல் நொடி என்றால், விரைந்தோடும் ரத்தத்திற்கு 3 முதல் 4 வரை. ஓட்டம் தளர்ந்தால் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் பிடியில் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல ஒட்டிக்கொள்ள, அது பல மடங்கு ஏறிவிடும். ஆகவே எந்த ஓட்டத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணால் பயனில்லை. சிரைகளில் மெதுவாக நகரும் ரத்தம் ஸ்கேன் திரையில் சில சமயம் சாம்பல் நிறத்தில் நெளிவதும் இந்தச் சிவப்பணு அடுக்குகளால்தான். ஆனால் அதைக் கண்டு கெட்டித்தன்மையை எண்ணாகச் சொல்ல முடியாது.

இப்போதைக்கு உங்கள் கணவருக்கு வேண்டியது, ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் வரும் 'பிசிவி' அளவுதான்; ரத்தத்தின் மொத்தக் கொள்ளளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதே அது. பாகுநிலையைப் பெரிதும் தீர்மானிப்பது சிவப்பணுக்களின் அந்த விகிதமே. வெயிலில் வேலை செய்து நீர் வற்றியிருந்தாலும் அது உயர்ந்து காட்டும் என்பதால், நன்றாகத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தபின் மறுபடி பாருங்கள். அப்போதும் 49 சதவீதத்துக்கு மேல் இருந்தால், புகைபிடித்தல், நுரையீரல் நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றோடு எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உண்டாக்கச் செய்யும் 'ஜாக்2' மரபணு மாற்றத்தையும் மருத்துவர் ஆராய வேண்டும். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்குமே தவிரக் கெட்டித்தன்மையைக் குறைக்காது. அதை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.